அரூப ஓவியர் மறைந்த பிறகு: தில்லிக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மனிதரையோ மரத்தையோ கோபுரத்தையோ வரைந்த படமென்றால் எது மேல், எது கீழ், என்ன வரைந்திருக்கிறார் என்பது பார்த்ததும் புரிந்துவிடும். உருவங்களை வரையாமல் வண்ணமும் கோடும் வடிவமுமே படமாகிற அரூப ஓவியத்தில் அப்படியில்லை. அந்தத் தகவலெல்லாம் கேன்வாஸின் முதுகிலும், ஓவியரின் குறிப்பேட்டிலும், கூட இருந்தவர்களின் நினைவிலும்தான் இருக்கிறது. மூன்றுமே சீக்கிரம் அழியக்கூடியவை. ஆகவே கீழே உள்ள பதில்கள் பலவற்றில் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும்: முதலில் பதிவு. துடைப்பது, ஃபிரேம் போடுவது, பங்கு பிரிப்பது, விற்பது எல்லாம் அதற்குப் பிறகு. கரோல் பாக், ஆர்.கே. புரம், மயூர் விஹார் என்று தில்லியின் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். பராமரிப்பு முறைகள் எந்த ஊருக்கும் பொருந்தும், பருவநிலை பற்றிய பகுதி மட்டும் தில்லிக்கே உரியது.

அப்பா போய் ஒரு வாரம்தான் ஆகிறது. முதலில் எதைத் தொடவேண்டும்?

முதலில் எண்ணெய் பட்ட துணிகள். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த கந்தல் துணிகளைக் குவித்து வைத்தால் அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும். எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது வெப்பம் வெளிப்படுகிறது, குவியலுக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. மொட்டைமாடி அறையான பர்சாத்தியில், ஜூன் மாதத்தில், இது உண்மையான ஆபத்து. துணிகளைத் தண்ணீரில் முக்கி, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு அப்புறப்படுத்துங்கள். டர்பன்டைன், தின்னர் போத்தல்களை இறுக மூடி, வெயில் படாத, அடுப்புக்குத் தொலைவான இடத்துக்கு மாற்றுங்கள்.

அடுத்து, ஓவியக்கூடத்தை இருக்கிறபடியே படமெடுங்கள். நான்கு சுவர், தரை, மேசை, அலமாரிக்குள், படந்தாங்கியில் (ஈசல்) கடைசியாக நின்ற படம், அதன் பக்கத்தில் திறந்து கிடக்கும் வண்ணக் குழாய்கள். அதுவரை எதையும் நகர்த்த வேண்டாம். கபாடிவாலாவுக்குப் பழைய பேப்பர் போடுவதை ஆறு மாதம் நிறுத்திவையுங்கள். கண்காட்சி அழைப்பிதழும் விலைப்பட்டியலும் செய்தித்தாள் கட்டுக்குள்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

பதின்மூன்றாம் நாளுக்கு வந்த உறவினர்கள் “நினைவா ஒண்ணு எடுத்துக்கறோம்” என்று கேட்பது இயல்பு. மறுக்க வேண்டியதில்லை. படமெடுத்து, அளந்து, எண் கொடுத்து, யார் வீட்டுக்குப் போகிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்கியபின் கொடுங்கள். மனம் கோணாமல் இதைச் சொல்ல ஒரே வழி, எல்லாரிடமும் ஒரே மாதிரி சொல்வது.

பட்டியல் போடுவது எப்படி? நோட்டுப் புத்தகம் போதுமா?

கணினியில் சாதாரண விரிதாள் போதும், சிறப்பு மென்பொருள் தேவையில்லை. ஒரு படைப்புக்கு ஒரு வரி. எண், தலைப்பு (ஓவியர் எழுதியபடியே, எழுத்துப்பிழை இருந்தாலும் அப்படியே), ஆண்டு, அந்த ஆண்டுக்கு என்ன ஆதாரம், வண்ணம், பரப்பு, அளவு, கையெழுத்து எங்கே இருக்கிறது, பின்புறத்தில் என்னென்ன எழுதியிருக்கிறது, நிலை, இப்போது எங்கே இருக்கிறது, எந்தெந்தக் கண்காட்சியில் இருந்தது. அளவைச் சென்டிமீட்டரில், உயரம் முதலில், அகலம் இரண்டாவதாக எழுதுங்கள். அரூபப் படத்தில் இந்த வரிசை மாறினால் படமே படுத்துவிடும்.

எண்ணில் ஆண்டைச் சேர்க்காதீர்கள். பின்னால் ஆண்டு தவறென்று தெரிந்தால் எண்ணையும் மாற்றவேண்டி வரும். ஓவியரின் முதலெழுத்து, பின் நான்கு இலக்கத் தொடர் எண், அவ்வளவுதான். அதைக் கனமான காகிதச் சீட்டில் பென்சிலால் எழுதி, பருத்தி நாடாவில் கோத்து, கேன்வாஸை இழுத்து அடித்திருக்கும் மரச்சட்டத்தில் கட்டுங்கள். கேன்வாஸின் முதுகில் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் அழுத்தத்தில் முன்புறம் கோடு எழும்பும். மார்க்கர் மை நாளடைவில் முன்புறம் ஊறி வரும். ஒட்டும் லேபிளின் பசை மஞ்சளாகி, லேபிள் மட்டும் உதிர்ந்துவிடும்.

ஒவ்வொரு படத்துக்கும் குறைந்தது ஐந்து ஒளிப்படங்கள்: முன்புறம், பின்புறம் முழுதாக, கையெழுத்து, பின்புற எழுத்துகள் நெருக்கத்தில், பக்கவாட்டு ஒளியில் முன்புறம். கடைசியாகச் சொன்னதற்கு அறையை இருட்டாக்கி ஒரே ஒரு விளக்கைப் பக்கத்திலிருந்து சாய்த்துக் காட்டவேண்டும். பூச்சின் மேடுபள்ளமும் விரிசலும் தூக்கி நிற்கும் வண்ணச் சில்லும் அப்போதுதான் கண்ணில் படும்.

எந்தப் பக்கம் மேல் என்று எங்களுக்கே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விக்கு அவசரப்படாமல் பதில் தேடவேண்டும், ஏனென்றால் நீங்கள் இன்று எழுதுவதைத்தான் நாளைய புத்தகமும் அருங்காட்சியகமும் பின்பற்றும்.

படத்தைத் திருப்பி முதுகைப் பாருங்கள். அம்புக்குறி, ஓவியர் கையெழுத்தில் தலைப்பு, கண்காட்சி லேபிள் ஆகியவை நேராக நிற்கும் திசை முதல் ஆதாரம். அடுத்து, கொக்கியும் கம்பியும் மரச்சட்டத்தின் எந்தக் கட்டையில் இருக்கின்றன என்பது. கொக்கி இப்போது இல்லாவிட்டாலும் திருகாணி ஓட்டை இருக்கும். இரண்டு கட்டைகளிலும் ஓட்டை இருந்தால் யாரோ ஒரு காலத்தில் படத்தைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள், அதையும் குறித்து வையுங்கள். பிறகு தூசி. பல வருடம் ஒரே நிலையில் தொங்கிய படத்தில் மேல் விளிம்பில் தூசி கெட்டியாகப் படிந்திருக்கும், கீழ்க்கட்டைக்கும் கேன்வாஸுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் சுண்ணாம்புத் துணுக்கு, பூச்சி இறகு, உதிர்ந்த வண்ணம் தங்கியிருக்கும். அந்த இடுக்கைச் சுத்தம் செய்துவிட்டால் இந்தச் சாட்சி போய்விடும். படமெடுக்கும்வரை கை வைக்காதீர்கள்.

வண்ணம் வழிந்த திசையை நம்பிவிடாதீர்கள். அரூப ஓவியர்கள் பலரும் கேன்வாஸைச் சுற்றித் திருப்பித்தான் வேலை செய்கிறார்கள், தரையில் கிடத்தியும் வரைகிறார்கள். முன்புறக் கையெழுத்தும் சில சமயம் பக்கவாட்டில் இருக்கும். எல்லாவற்றையும்விட வலுவான ஆதாரம், ஓவியர் உயிரோடு இருந்தபோது நடந்த கண்காட்சியின் சுவர்ப் புகைப்படம். குடும்ப ஆல்பத்தில், யாரோ குத்துவிளக்கு ஏற்றும் படத்தின் பின்னணியில் அது கிடைக்கலாம். ஆல்பங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

ஆதாரம் எதுவும் கிடைக்காவிட்டால் “திசை உறுதியில்லை” என்று எழுதுங்கள். அது குறையல்ல, நேர்மையான பதிவு.

ஆண்டு எழுதாத படங்களுக்கு நாங்களே ஆண்டு போடலாமா?

ஊகத்தை ஊகமென்று தெரியும்படி போடலாம்: “சுமார் 1974”, “1970களின் பிற்பகுதி”. பக்கத்துப் பத்தியில் காரணம் எழுதுங்கள். கேன்வாஸ் வாங்கிய கடையின் முத்திரை, அதே கட்டை அதே ஆணி உள்ள தேதியிட்ட இன்னொரு படம், அந்த வருடக் கடிதத்தில் வரும் குறிப்பு, வீடு மாறிய ஆண்டு என்று எதுவும் காரணமாகலாம். இந்திய அரூப ஓவியர் நஸ்ரீன் முகமதி (1937–1990) தம் கோட்டோவியங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பும் தேதியும் இடவில்லை. அவருடைய வளர்ச்சியைப் படிக்க முயல்வோர் இன்றும் நாட்குறிப்புகளையும் ஒளிப்படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறார்கள். ஆனாலும் தலைப்பில்லாத படத்துக்குத் தலைப்பு வைக்கும் உரிமை யாருக்கும் இல்லை. “தலைப்பில்லாதது” என்பதே அதன் பெயர், வேறுபடுத்த உங்கள் எண் இருக்கிறது.

தில்லி வெயிலிலும் ஈரத்திலும் படங்களை எங்கே, எப்படி வைப்பது?

மே மாதத்தில், லூ எனும் வறண்ட அனல் காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போகிறது. ஜூலை, ஆகஸ்டில் 80ஐத் தாண்டுகிறது. கேன்வாஸும் அதன் மேல் பூசிய பசையும் ஈரத்தில் ஒரு மாதிரி, வறட்சியில் இன்னொரு மாதிரி நீண்டு சுருங்கும், வயதான எண்ணெய் வண்ணம் அதோடு சேர்ந்து நெளிய முடியாமல் வெடிக்கும். அதனால் சரியான ஈரப்பதம் 50 சதவீதம் என்று அந்த எண்ணைத் துரத்துவதைவிட ஏற்ற இறக்கத்தைக் குறைப்பதுதான் முக்கியம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரமானியை அறையில் வைத்து, காலை மாலை குறித்துக்கொண்டு வாருங்கள்.

தில்லி வீடுகளில் படங்களுக்கு வரும் பெரிய கேடு ஏர் கூலர். ஈரக் காற்றை நேராக அறைக்குள் தள்ளுகிறது. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டிச் சில நாள் நின்றாலே கேன்வாஸின் முதுகில் பூஞ்சை பிடிக்கும். படங்கள் உள்ள அறையில் கூலர் வேண்டாம். ஏசி போடுவதென்றால் தொடர்ந்து மிதமாகப் போடுங்கள், இரண்டு மணி நேரம் உறையவைத்து மீதி நாள் வேகவைப்பது எதுவுமே போடாததைவிட மோசம்.

மேல்தளத்தில் கூரை நேரடியாகக் காயும் அறையைத் தவிர்த்து, கீழ்த்தளத்தின் உள்ளறையைத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சுவர், குளியலறைச் சுவர், சமையலறைச் சுவர் மூன்றையும் ஒட்டி வைக்காதீர்கள். தரையிலிருந்து 10–15 செ.மீ. உயரம் வேண்டும், தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்த ஒரே இரவில் இதன் அருமை தெரியும். அடுக்குக்கு இரும்பு ரேக் நல்லது. கீர்த்தி நகரில் மரம் வாங்கி அடுக்குச் செய்வதென்றால் புது பிளைவுட்டின் நெடி முழுக்க அடங்கச் சில வாரம் காற்றாட விடுங்கள். ரேக்கின் கால்களை மாதம் ஒருமுறை டார்ச் அடித்துக் கரையான் மண்கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

படங்களை நிமிர்த்தி, ஒரே அளவுள்ளவற்றைச் சேர்த்து, முகத்தோடு முகம் முதுகோடு முதுகாக, நடுவில் படத்தைவிடப் பெரிய அட்டை வைத்து நிறுத்துங்கள். ஒன்றின் மூலை இன்னொன்றின் கேன்வாஸில் குத்தினால் விழும் குழி, வருடங்கள் கழித்து வட்ட வட்ட விரிசலாக முன்புறத்தில் வரும்.

பபிள் ராப் சுற்றி வைத்திருக்கிறோம், பரவாயில்லையா?

இன்றே பிரியுங்கள். கோடையில் அக்ரிலிக் வண்ணம் இளகும், குமிழ்களின் வட்டம் பூச்சில் பதிந்துவிடும், சில இடத்தில் பிளாஸ்டிக்கே ஒட்டிக்கொள்ளும். ஒட்டியிருந்தால் இழுக்காமல் அப்படியே விட்டுப் பாதுகாப்பு நிபுணரைக் கூப்பிடுங்கள். நீண்ட நாள் மூடி வைக்க, கஞ்சி போடாமல் துவைத்த பழைய பருத்தி வேட்டியோ படுக்கை விரிப்போ போதும். லாரியில் அனுப்பும்போது மட்டும் பூச்சின்மேல் சிலிகான் பூசிய காகிதம், அதற்கு வெளியே பபிள் ராப், குமிழ்ப் பக்கம் வெளியே பார்க்கும்படி.

சுருட்டி வைத்த கேன்வாஸ்களை விரிக்கலாமா?

வெயில் காலத்தின் வறண்ட நாளில் விரிக்காதீர்கள், பூச்சு மொறமொறவென்று இருக்கும். ஈரப்பதம் 50–55 இருக்கும் நாளில், சுத்தமான துணி விரித்த பெரிய மேசையில், இரண்டு பேர் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக. எங்காவது நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். மறுபடி சுருட்ட வேண்டியிருந்தால் வண்ணப்பக்கம் வெளியே இருக்கவேண்டும். பலரும் பாதுகாப்பு என்று நினைத்து உள்ளே வைத்துச் சுருட்டுகிறார்கள். அப்போது பூச்சு நசுங்கி, விரிக்கும்போது சில்லுச் சில்லாகத் தூக்கிக்கொள்ளும். குழாயின் விட்டம் 20 செ.மீ.க்குக் குறையக் கூடாது, தடித்த பூச்சென்றால் இன்னும் பெரிது. ரப்பர் பேண்ட் போடாதீர்கள், அகலமான துணி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள்.

தூசி துடைக்கலாமா? பூஞ்சை வந்துவிட்டதே?

ஈரத்துணி, உருளைக்கிழங்கு, பிரெட், தேங்காய் எண்ணெய், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவுமே கூடாது. அரூப ஓவியங்களில் பல, வார்னிஷ் இல்லாத, பளபளப்பற்ற (மட்) பரப்பு கொண்டவை. அரூப ஓவியர் வி.எஸ். காய்தோண்டே (1924–2001) உருளையாலும் கத்தியாலும் வண்ணத்தைப் படலம் படலமாக ஏற்றியும் வழித்தும் வேலை செய்தவர். அப்படிப்பட்ட பரப்பில் ஒரு விரல் தேய்த்த இடம்கூடப் பளபளவென்று தனியாகத் தெரியும், அதைத் திரும்ப மட் ஆக்க முடியாது. பூச்சு எங்கும் தூக்கி நிற்கவில்லை என்று பக்கவாட்டு ஒளியில் உறுதிசெய்த பிறகு, மிக மென்மையான ஆட்டுமுடித் தூரிகையால் மேலிருந்து கீழாக ஒருமுறை தள்ளலாம். அதுவே எல்லை.

பூஞ்சை பிடித்த படத்தை மற்றவற்றிலிருந்து பிரித்து, மாஸ்க் போட்டுக்கொண்டு, காற்றோட்டமுள்ள நிழலான அறையில் உலரவிடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சை நெய்யிழைக்குள் இறங்கிக் கறையாகிவிடும். வண்ணம் உதிர்கிற படத்தை முகம் மேலாகக் கிடத்தி, விழுந்த சில்லுகளைப் படத்தின் எண் எழுதிய உறையில் சேர்த்து வையுங்கள்.

பழுதுபார்க்க யாரிடம் கொடுப்பது?

ஃபிரேம் கடைக்காரரிடம் அல்ல. தில்லியில் இன்டாக் எனும் மரபுப் பாதுகாப்பு அமைப்பின் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது, லக்னோவில் தேசியப் பண்பாட்டுப் பொருள் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது, தனியாகத் தொழில் செய்யும் பயிற்சி பெற்ற நிபுணர்களும் உண்டு. யாரானாலும் வேலைக்கு முன் எழுத்தில் மூன்று கேளுங்கள்: படம் இப்போது எப்படி இருக்கிறது என்ற நிலை அறிக்கை, என்ன செய்யப் போகிறார் என்ற திட்டம், பயன்படுத்தும் பொருட்களின் பெயர். பின்னால் எடுத்துவிடக்கூடிய பொருட்களைத்தான் பயன்படுத்த வேண்டும். “புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன்” என்பவரிடம் கொடுக்காதீர்கள். மெழுகு போட்டுப் புதுத்துணி ஒட்டும் பழைய முறை பூச்சின் நிறத்தையே கருக்கிவிடும், அதற்குச் சம்மதிக்க வேண்டாம்.

போனிலேயே நன்றாக வருகிறதே, தனியாகப் படமெடுப்பவர் எதற்கு?

பட்டியலுக்குப் போன் போதும். அச்சுக்கும் ஆவணத்துக்கும் போதாது. சாம்பலுக்கும் வெண்சாம்பலுக்கும் இடையிலுள்ள நூலளவு வேறுபாடுதான் படமே என்றால், போன் அதைத் தானாகவே “சரிசெய்து” அழித்துவிடும். படத்தின் இரு பக்கமும் 45 பாகையில் ஒரே வகை விளக்கு, முக்காலியில் கேமரா, படத்தின் நடுமையத்துக்கு நேராக லென்ஸ், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8. ஒவ்வொரு படத்துக்கும் முதலில் நிறத்தை ஒப்பிட உதவும் வண்ண அட்டையோடு ஒன்று, பிறகு அட்டையின்றி ஒன்று. மூலக்கோப்பைக் கேமரா பதிந்தபடியே இருக்கும் ரா (RAW) வடிவத்திலும், காப்பு வடிவத்தை டிஃப் (TIFF) ஆகவும் வாங்கிக்கொள்ளுங்கள், ஜேபெக் மட்டும் தந்தால் ஏற்காதீர்கள். விளிம்பை வெட்டாமல் முழுக் கேன்வாஸும் தெரியவேண்டும். பழைய 35 மி.மீ. ஸ்லைடுகள் இருந்தால் 3000–4000 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். விற்றுப்போன படங்களுக்கு அவைதான் ஒரே சாட்சியாக இருக்கும்.

கோப்புகள் மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகத்தில், ஒன்று வேறு வீட்டில். ஹார்ட் டிஸ்க்கை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்றுங்கள்.

கடிதங்கள், குறிப்பேடுகள் நிறைய இருக்கின்றன. எதை வைத்துக்கொள்வது?

எல்லாவற்றையும். வண்ணக் கடை பில்கூட எந்த ஆண்டு எந்த நிறம் வாங்கினார் என்று சொல்லும். கட்டியிருந்த கட்டைக் கலைக்காதீர்கள், அவர் எதோடு எதைச் சேர்த்து வைத்தார் என்பதே ஒரு தகவல். துருப்பிடிக்கும் குண்டூசி, கிளிப், ரப்பர் பேண்டை மட்டும் அகற்றுங்கள். செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் வேண்டாம். செய்தித்தாள் நறுக்குகளைத் தனி உறையில் வையுங்கள், அவற்றின் அமிலம் பக்கத்துக் காகிதத்தையும் பழுப்பாக்கும்.

தமிழ்க் கடிதங்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். தில்லியில் பிறந்து வளர்ந்த பேரன் பேத்திகள் பலருக்குத் தமிழ் பேச வரும், கூட்டெழுத்தாக ஓடும் பழைய கையெழுத்தைப் படிக்க வராது. பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து எழுத்துப்பெயர்த்து, “ராஜு” யார், “மாமா” எந்த மாமா என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள். ஓவியர்கள் பலர் தமிழ்ச் சிறுபத்திரிகைகளுக்கு அட்டையும் கோட்டோவியமும் வரைந்து கொடுத்திருக்கிறார்கள், கே.எம். ஆதிமூலம் (1938–2008) அதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. அந்த இதழ்கள் வீட்டில் இல்லாவிட்டால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தேடிப் பார்க்கலாம்.

ஒரு சட்டக் குறிப்பு: ஓவியருக்கு வந்த கடிதத்தின் காகிதம் உங்களுடையது, அதன் வாசகத்தின் பதிப்புரிமை எழுதியவருடையது. வெளியிடுமுன் அவரிடமோ வாரிசுகளிடமோ அனுமதி வாங்குங்கள்.

யார் யாரிடம் பேசிப் பதிவுசெய்ய வேண்டும்?

விமரிசகரிடம் போவதற்கு முன் சட்டம் அடித்த தச்சர், ஃபிரேம் கடைக்காரர், வண்ணம் விற்றவர், பக்கத்து ஓவியக்கூடத்து நண்பர், மனைவி. படங்களை முன்னால் வைத்துக்கொண்டு கேளுங்கள். “அவர் எப்படிப்பட்டவர்” என்று கேட்டால் புகழ்ச்சி வரும். “இந்தப் படத்தை எந்த வீட்டில் வரைந்தார், எத்தனை நாள் ஆனது, தரையிலா சுவரிலா, எதை எதோடு கலந்தார்” என்று கேட்டால் தகவல் வரும்.

பதிப்புரிமை யாருக்கு, எவ்வளவு காலம்?

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. தில்லியில் வாழ்ந்த ஓவியர் ஜே. சுவாமிநாதன் 1994இல் மறைந்தார், அவருடைய படைப்புகளுக்கு 2054 முடியும்வரை உரிமை உண்டு. படத்தை விற்றாலும் பதிப்புரிமை அதோடு போவதில்லை, எழுத்தில் தனியாக மாற்றிக் கொடுத்தால்தான் போகும். ஆகவே வாங்கியவர் காலண்டர் அச்சடிக்க உங்கள் அனுமதி வேண்டும். இரண்டு விலக்குகளைக் கவனியுங்கள். பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதுவரை வெளியிடப்படாத ஓவியத்தை உயில் மூலம் ஒருவருக்குக் கொடுத்தால், உயிலில் வேறு மாதிரி எழுதாதவரை, பதிப்புரிமையும் அவருக்கே போகும்.

மறுவிற்பனையிலும் பங்கு கேட்க 53ஏ பிரிவு இடமளிக்கிறது: விலை 10,000 ரூபாய்க்கு மேல் என்றால், உச்சவரம்பு 10 சதவீதம். தானாக யாரும் கொண்டுவந்து தருவதில்லை. விற்பனை ரசீதிலேயே ஒரு வரியாக இதை எழுதிவிடுவது நல்லது.

வாங்கியவர் படத்தை வெட்டிவிட்டால் கேட்க முடியுமா?

முடியும். 57ஆம் பிரிவு, படைப்பைச் சிதைத்து ஓவியரின் பெயருக்குக் களங்கம் செய்வதை எதிர்க்கும் உரிமையைச் சட்டப் பிரதிநிதிகளுக்கும் தருகிறது. தில்லி விக்யான் பவன் சுவரிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட தம் வெண்கலச் சிற்பத்துக்காக அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய பகுதிகளை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் தீர்ப்பளித்தது. ஆனால் படத்தை மாட்டாமல் பரணில் போட்டு வைத்திருப்பது மட்டும் மீறலாகாது என்று சட்டமே சொல்கிறது.

வாரிசுகள் நாலு பேர், ஒருவர் அமெரிக்காவில். யார் கையெழுத்துப் போடுவது?

உயில் இல்லையென்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், ஓவியரின் தாய் இருந்தால் அவரும் சம பங்கு. பதிப்புரிமையும் அப்படியே பங்காகிறது, அதனால் ஒவ்வொரு அனுமதிக்கும் எல்லாரும் கையெழுத்திட வேண்டி வரும், மாதக்கணக்கில் இழுக்கும். கேன்வாஸ்களைப் பிரித்துக்கொண்டாலும் பதிப்புரிமையையும் காகித ஆவணங்களையும் பிரிக்காமல், ஒருவரைப் பொது அதிகாரம் பெற்றவராக எழுத்தில் நியமித்துவிடுங்கள். அறக்கட்டளை, சங்கம், நிறுவனம் எதுவானாலும் பட்டியல் முடிந்த பிறகு தொடங்குங்கள். 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ச் சங்கம் பதிய குறைந்தது 7 பேர் வேண்டும், வருடாவருடம் கணக்குத் தாக்கல் உண்டு. அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லாத அறக்கட்டளையால் படங்களுக்குப் பயனில்லை.

கையெழுத்து இல்லாத படங்கள், பாதியில் நின்ற படங்கள்?

கையெழுத்துப் போடாதீர்கள், முடித்துவைக்காதீர்கள். அவர் கையெழுத்தை அச்சு அசலாகப் போடத் தெரிந்த மகன் இட்டாலும் அது போலிதான், அந்த ஒன்று வெளியே தெரிந்தால் உண்மையான படங்கள் அனைத்தும் சந்தேகத்துக்கு உள்ளாகும். குடும்ப முத்திரை ஒன்று செய்து, மரச்சட்டத்தின் பின்புறம் பதித்து, “ஓவியர் மறைவுக்குப் பின் குடும்பத்தினர் பதித்தது” என்று பட்டியலில் எழுதுங்கள். பாதியில் நின்றவை அவர் எப்படி வேலை செய்தார் என்பதைக் காட்டும் அரிய பொருட்கள்.

“இது அவர் படம்தானா, சான்றிதழ் தாருங்கள்” என்று கேட்கிறார்கள்.

வாட்ஸாப் படத்தைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். படத்தை நேரில், ஃபிரேமிலிருந்து கழற்றி, முன்னும் பின்னும் பாருங்கள். எங்கே எப்போது வாங்கியது என்று எழுத்தில் கேளுங்கள். விலையில் சதவீதம் வாங்கிக்கொண்டு சான்று தருவது நம்பகத்தைக் கெடுக்கும். ஐயமிருந்தால் “எங்கள் பட்டியலில் சேர்க்கும் நிலையில் இல்லை” என்று மட்டும் எழுதுங்கள், “போலி” என்று எழுதினால் வழக்கு வரலாம்.

அருங்காட்சியகத்துக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் என்ன?

எல்லாவற்றையும் யாரும் வாங்கமாட்டார்கள், வாங்கினாலும் பெரும்பகுதி கிடங்கில்தான் இருக்கும். ஒரு காலகட்டத்தின் தொடக்கம், நடு, முடிவு தெரியும்படி, கோட்டோவியமும் சேர்ந்த சிறு தொகுப்பாகக் கொடுங்கள். ஜெய்ப்பூர் ஹவுஸில் 1954 முதல் இயங்கும் தேசிய நவீனக் கலைக்கூடம், லலித் கலா அகாதமி, கிரண் நாடார் கலை அருங்காட்சியகம் ஆகியவை தில்லியிலேயே இருக்கின்றன. தானப் பத்திரத்தில் பதிப்புரிமை உங்களிடமே நிற்கிறதா, பின்னால் விற்கும் உரிமை அவர்களுக்கு உண்டா, ஆய்வாளர் பார்க்கக் கேட்டால் காட்டுவார்களா என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். காகித ஆவணங்களை மட்டும் இரண்டு இடத்துக்குப் பிரிக்காதீர்கள். ஏஷியா ஆர்ட் ஆர்க்கைவ் போன்ற அமைப்புகள் மூலத்தைக் குடும்பத்திடமே விட்டுவிட்டு மின்பிரதி எடுத்துப் பொதுவில் வைக்கும் முறையைப் பின்பற்றுகின்றன, இது பல குடும்பங்களுக்குப் பொருந்தும்.

நினைவுக் கண்காட்சி வைக்க விரும்புகிறோம்.

ரவீந்திர பவன், திரிவேணி, இந்தியா ஹேபிடட் சென்டர் போன்ற இடங்களுக்கு நீண்ட நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். படங்களின் நடுமையம் தரையிலிருந்து 145–150 செ.மீ.; எண்ணெய், அக்ரிலிக் படங்களுக்கு 200 லக்ஸ், காகிதப் படைப்புகளுக்கு 50 லக்ஸ் ஒளி. குறைவான படங்களை இடைவெளி விட்டு மாட்டுங்கள். நெருக்கி மாட்டினால் ஒரு படத்தின் நிறம் அடுத்ததைத் தின்னும். விளக்கப் பலகையில் “இந்த நீலம் கடலைக் குறிக்கிறது” என்று எழுத வேண்டாம். எந்த ஆண்டு, எந்த ஊர், எப்படிச் செய்தார் என்பதைச் சொல்லுங்கள், பார்ப்பவருக்கு அது போதும். தமிழிலும் எழுதுங்கள்.

இரவல் வாங்கிய படங்களுக்குச் சுவரிலிருந்து எடுத்தது முதல் திரும்ப மாட்டும்வரை காப்பீடு எடுத்து, இரு முனையிலும் நிலை அறிக்கை எழுதுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டா?

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டம் நூறாண்டு கடந்தவற்றையும், ரவி வர்மா, அம்ருதா ஷெர்-கில், ஜாமினி ராய் உள்ளிட்ட, அரசு பொக்கிஷமென அறிவித்த ஓவியர்களின் படைப்புகளையும் தடுக்கிறது. மற்றவற்றை அனுப்பலாம். சுங்கத்தில் நிற்காமலிருக்க, தொல்பொருள் அல்ல என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

இணையத்தில் போட்டால் திருடிவிடுவார்களே?

நீள்பக்கம் 1200–1500 பிக்சல் அளவில் போடுங்கள், பார்க்கப் போதும், நல்ல அச்சுக்குப் போதாது. விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றும்போது கவனம்: அங்கே ஏற்றிய படத்தை எவரும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. எல்லா வாரிசுகளும் சம்மதித்தால் முக்கியமான இரண்டு மூன்று படங்களை மட்டும் கொடுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு நல்ல கட்டுரைக்கு அதுவே பெரிய உதவி. ஓவியரின் உருவப்படத்துக்கு உரிமை பெரும்பாலும் அதை எடுத்த ஒளிப்படக்காரருடையது என்பதை மறக்க வேண்டாம்.

விற்றால் வரி?

உண்டு. பாத்திரம், துணிமணி போல வீட்டுப் பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். ஓவியங்கள் மூலதனச் சொத்தாகவே கணக்கிடப்படுகின்றன. வாரிசாக வந்த படத்தின் அடக்கவிலை, வைத்திருந்த காலம் இரண்டும் முந்தைய உரிமையாளரிடமிருந்தே எண்ணப்படும். விற்குமுன் ஆடிட்டரிடம் பேசுங்கள். ரொக்கமாக வாங்காதீர்கள், ரசீதில் பட்டியல் எண்ணை எழுதுங்கள். வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் உங்கள் பதிவில் வைத்துக்கொண்டு, வெளியிடும்போது “தனியார் சேகரிப்பு, தில்லி” என்று மட்டும் போடுங்கள்.

மிச்சமிருக்கும் வண்ணக் குழாய்களையும் தூரிகைகளையும் ஓவியப் பள்ளிக்குக் கொடுத்துவிடலாமா?

தூரிகைகளில் சிலவற்றையும், அவர் வழக்கமாகப் பயன்படுத்திய ஒவ்வொரு நிறத்திலும் ஒரு குழாயையும் லேபிளோடு எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள். பின்னாளில் ஒரு படத்தைச் சரிசெய்யும் நிபுணருக்கு அந்த வண்ணத்தின் சேர்மானம் தெரிந்தாக வேண்டும். பழைய வெள்ளைக் குழாய்களில் ஈயம் இருக்கலாம், குழந்தைகள் கைக்குப் போகவிடாதீர்கள்.